செடிக்கும் அசைவு உண்டு: கல்லூரி ஆசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்றைக்குக் கிளாஸை கட் அடித்துவிட்டுக் குளிக்கப் போனதைப் பற்றியும் எழுத நம்ம செட்டிலேயே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவரும் இல்லை, பாடம் நடத்தியவரும் இல்லை. ஆனால் அவரும் நம் வாத்தியார்களைப் போல ஒரு கல்லூரி ஆசிரியர். முப்பது வருஷம் ஒரே கல்லூரியில் பாடம் நடத்தியவர். பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் பாட்டனி சார். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு திருட்டுத்தனம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பிராக்டிகல். தொட்டியில் முளைத்த அவரைக் கொடி ஒன்றைக் கொடுத்து, அதற்கு மேலே ஒரு கண்ணாடியைப் படுக்கையாக வைத்து, கொழுந்து நுனி நிற்கும் இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் மையால் ஒரு புள்ளி வைக்கச் சொல்வார் சார். கால் மணிக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் வரிசையாகக் கோடு போட்டு இணைத்து ரெக்கார்ட் நோட்டில் வரைய வேண்டும். நான் மூன்று புள்ளி வைத்தேன். பிறகு ஆத்தங்கரைப் பக்கம் போய்விட்டேன். சாயங்காலம் வந்து மிச்சப் புள்ளிகளை நானே அழகாக ஒரு முட்டை வடிவத்தில் வைத்து, அம்புக்குறியும் போட்டு நீட்டினேன்.

சார் நோட்டைப் பார்த்தார். திட்டவில்லை. என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், மூங்கில் குச்சிகளில் சுற்றி ஏறியிருந்த அவரைக் கொடிகளைக் காட்டினார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே இடது கீழிருந்து வலது மேலாகத்தான் ஏறியிருந்தன. அப்படி ஏற வேண்டுமானால் கொழுந்து மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். என் நோட்டில் அது கடிகார முள் போலச் சுற்றியிருந்தது! அன்று ராத்திரி லேபிலேயே உட்கார்ந்து மறுபடி புள்ளி வைத்தேன். சாரும் கூடவே உட்கார்ந்திருந்தார். தூக்கம் வராமல் இருக்க அவர் சொன்ன கதைதான் போஸின் கதை. பிற்காலத்தில் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தலையாட்டும் செடி

முதலில் அந்தப் பிராக்டிகலின் பெயர். சர்க்கம்நியூட்டேஷன். லத்தீனில் முதல் பாதிக்குச் சுற்றி என்று பொருள், பின்பாதிக்குத் தலையாட்டுதல் என்று பொருள். சுற்றித் தலையாட்டுதல். தஞ்சாவூர்க்காரனுக்கு இதைவிட எளிதாகப் புரிகிற வார்த்தை இல்லை. நம்ம தலையாட்டி பொம்மையை ஒரு தட்டுத் தட்டினால் எப்படி வட்டமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறதோ, அப்படித்தான் வளரும் செடியின் நுனியும் ஆடுகிறது. ஒரே வித்தியாசம், செடியை யாரும் தட்ட வேண்டியதில்லை. வளர்கிற வரைக்கும் அது தானாக ஆடும்.

காரணம் இதுதான். தண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீள்வதில்லை. ஒரு நேரம் ஒரு பக்கம் சற்று அதிகமாக நீளும், நுனி எதிர்ப்பக்கம் சாயும். அடுத்து பக்கத்துப் பக்கத்தின் முறை. இப்படி முறை மாறி மாறிச் சுற்றி வருவதால் நுனியும் வட்டமோ முட்டை வடிவமோ போட்டபடியே மேலே போகிறது. அவரை போன்ற கொடிகளில் வட்டம் பெரிது, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அந்த வட்டத்துக்குள் ஒரு குச்சி அகப்பட்டால் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். பந்தல் போடுகிறவர் கொழுந்துக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றுவது இதற்குத்தான்.

இந்தச் சொல்லை 1880-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கைக்குப் பெயர் பெற்ற அதே டார்வின்தான். உடம்பு சரியில்லாமல் அறையில் கிடந்த காலத்தில் பக்கத்தில் ஒரு கொடியை வைத்துக்கொண்டு, அதன் நுனி சுற்றுவதைப் பார்த்தவர். பிறகு கொடி மட்டுமல்ல, முளை, வேர், இலை என்று வளரும் உறுப்பெல்லாம் கொஞ்சமாவது சுற்றுகிறது என்று காட்டினார். செடியில் மெல்லிய கண்ணாடி இழையை ஒட்டி, அதன் முனையில் அரக்குத் துளி வைத்து, எதிரே கண்ணாடித் தகட்டில் நேரத்துக்கு நேரம் புள்ளி வைத்தார். நாங்கள் செய்த பிராக்டிகலின் தாய்வீடு அதுதான். அந்த வேலையில் கூட உழைத்தவர் அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைப் பையன்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ம் தேதி இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளையை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்ப்பதுதான் வழக்கம். ஆனால் பகவான் சந்திரர் மகனை வங்காளப் பாடசாலையில் சேர்த்தார். தாய்மொழி முதலில் வரட்டும், ஊர் ஜனங்களோடு பழகட்டும் என்பது அவர் எண்ணம்.

பாடசாலையில் பையனுக்கு ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் பணியாளருடைய மகன், மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். பறவை, மிருகம், ஆற்றில் வாழும் ஜீவராசிகள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் தனக்கு இயற்கையின்மேல் ஆசை பிறந்தது என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம்ம பக்கத்தில் வயக்காட்டுக் கூலிக்காரர் பிள்ளையும் மிராசுதார் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார எத்தனை காலம் ஆனது என்பதை நினைத்தால், அந்த அப்பாவின் அருமை புரியும்.

அப்புறம் கல்கத்தா. ஹேர் ஸ்கூல், செயின்ட் சேவியர் பள்ளி, அதே பெயரில் கல்லூரி. அங்கே ஃபாதர் லஃபோன் என்ற பெல்ஜியப் பாதிரியார் பௌதிகம் நடத்தினார். கரும்பலகையோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் செய்து காட்டுகிற வாத்தியார். போஸ் பௌதிகத்தின் பக்கம் திரும்பியது அவரால்தான். 1879-ல் பி.ஏ. முடித்தார்.

சீமைக்குப் போய் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அரசாங்க அதிகாரியாகவே இருந்த அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. மகன் யாரையும் ஆள வேண்டாம், தன்னைத் தானே ஆண்டால் போதும் என்று நினைத்தார். கடைசியில் 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார் போஸ். ஊரில் பிடித்த காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. மருத்துவத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

அங்கிருந்து 1882-ல் கேம்பிரிட்ஜ், கிறைஸ்ட் கல்லூரி. டார்வின் படித்த அதே கல்லூரி. அந்த வருஷம் ஏப்ரலில்தான் டார்வின் காலமானார். போஸுக்கு அங்கே பௌதிகம் நடத்தியவர் ராலே பிரபு. தாவரவியலில் அவருடைய ஆசிரியர்களில் இருவர் சிட்னி வைன்ஸ், பிரான்சிஸ் டார்வின். அப்பாவோடு உட்கார்ந்து செடியின் சுற்றுக்குப் புள்ளி வைத்த அதே பிரான்சிஸ்தான்! அவர் வகுப்பில் உட்கார்ந்த வங்காள மாணவர் பிற்காலத்தில் செடியையே எழுத வைப்பார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சம்பளம் வாங்காத மூன்று வருஷம்

1885-ல் கேம்பிரிட்ஜ், லண்டன் இரண்டு பட்டங்களோடும் ஊர் திரும்பினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை. இந்தியனுக்கு விஞ்ஞானம் நடத்த வராது என்று கல்வித் துறை மேலதிகாரிகள் நினைத்த காலம். வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் ஆதரவு இருந்ததால் நியமனம் கிடைத்தது. ஆனால் சம்பளத்தில் கை வைத்தார்கள். வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்று காரணம் சொல்லி அதிலும் பாதி.

போஸ் சண்டை போடவில்லை, ராஜிநாமா செய்யவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் நடத்தினார். மாதா மாதம் வந்த சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம். அதுவும் குடும்பம் கடனில் இருந்த நேரம். பொதுக் காரியங்களில் பணத்தைப் போட்டு நஷ்டப்பட்டிருந்தார் அப்பா. 1887-ல் கல்யாணம் வேறு ஆனது.

மனைவி அபலா போஸுக்கு நம்ம மெட்ராஸோடு ஒரு சம்பந்தம் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களைச் சேர்க்காததால், வங்காள அரசின் உதவித்தொகையோடு 1882-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்கும் விதவைகளின் மறுவாழ்வுக்கும் பெரிய அளவில் பாடுபட்டார். அந்தக் கஷ்ட காலத்தில் தம்பதிகள் வாடகை குறைவாக இருந்த சந்திரநாகூரில் குடியிருந்து, கல்லூரிக்குப் போக ஹூக்ளி ஆற்றைச் சிறு படகில் தாங்களே துடுப்புப் போட்டுக் கடந்திருக்கிறார்கள். பரிசல் ஏறிக் கல்லூரிக்கு வந்த நம்ம சீனியர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

மூன்று வருஷம் கழித்து அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு. வந்த பணத்தில் அப்பாவின் கடனை அடைத்தார்.

ஆராய்ச்சிக்கு என்று கல்லூரியில் லேப் எதுவும் இல்லை. கழிவறையை ஒட்டி 24 சதுர அடியில் ஒரு சின்ன இடம். நாலுக்கு ஆறு! கருவி செய்ய ஒரு தகரக் கொல்லர். படிப்பு வாசனை இல்லாதவர். அவரைப் பழக்கி, கைக்காசைப் போட்டு, கிளாஸ் முடிந்த பிறகு வேலை. 1894-ல் தன் 36-வது பிறந்த நாளில் இனி ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று தீர்மானம் செய்துகொண்டார். கொஞ்ச நாளிலேயே அந்த அறையிலிருந்து வந்தது உலகத்துக்கே புதிய விஷயம். 5 மில்லிமீட்டர் வரையிலான குட்டை மின்காந்த அலைகள். கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், கம்பி இல்லாமல், சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேச அழைத்தார்கள். இதைக் காசாக்கச் சொன்னவர்கள் உண்டு. அவருக்கு மனசு வரவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் எடுத்த ஒரு அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அதையும் அவர் பணமாக்கவில்லை.

செடியின் பக்கம்

பௌதிகக்காரர் செடிக்கு எப்படி வந்தார்? அலையைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த கருவி, தொடர்ந்து வேலை கொடுத்தால் சோர்ந்தது போல மந்தமானது. கொஞ்ச நேரம் விட்டால் பழைய நிலைக்கு வந்தது. தசையும் இப்படித்தானே களைக்கிறது! உலோகத்துக்கும் தசைக்கும் நடுவே நிற்பது செடி. அது என்ன செய்கிறது பார்ப்போம் என்று இலை, காரட், முள்ளங்கி என்று எடுத்துச் சோதித்தார். தொட்டாலும் சூடு வைத்தாலும் செடி மின்சாரத் துடிப்பால் பதில் கொடுத்தது.

1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விளக்கினார். உடலியல் துறையின் பெரியவர்கள் எழுந்து எதிர்த்தார்கள். பௌதிகக்காரருக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் சாரம். தலைப்பில் உள்ள ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்றும் ஆலோசனை வந்தது. போஸ் மாற்றவில்லை. கட்டுரை அச்சாகாமல் கிடங்குக்குப் போனது. அப்போது கை கொடுத்தவர் யார் தெரியுமா? பழைய கேம்பிரிட்ஜ் ஆசிரியர் வைன்ஸ். அவர் லின்னேயன் சொசைட்டியின் தலைவராக இருந்தார். சோதனையை நேரில் பார்த்துத் திருப்தியாகி, 1902-ல் தங்கள் சொசைட்டி மூலம் வெளிவரச் செய்தார். படித்து முடித்துப் பதினேழு பதினெட்டு வருஷம் ஆன மாணவனுக்காக ஒரு வாத்தியார் எழுந்து நின்றார். முன்னாள் மாணவர் மலரில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வாயால் வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது, செடியே தன் கையெழுத்தைப் போடட்டும் என்று போஸ் கருவி செய்வதில் இறங்கினார். புகைக்கரி பூசிய கண்ணாடித் தகடு, அதன்மேல் முடி போல மெல்லிய எழுதுகோல், அதைச் செடியோடு இணைக்கும் நூல். செடி அசைந்தால் தகட்டில் கோடு விழும். தகட்டில் கோல் உரசினால் செடியின் மெல்லிய அசைவு நின்றுவிடும் என்பதால், கோல் தொட்டுத் தொட்டு விலகி, புள்ளி புள்ளியாக எழுதும்படி அமைத்தார். டார்வின் கையால் வைத்த புள்ளியைப் போஸ் செடியையே வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு வந்தது கிரெஸ்கோகிராஃப். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சாதாரணமாக நாள்கணக்கில் தெரியும் வளர்ச்சி நிமிஷக்கணக்கில் தெரிந்தது. அது நேர்கோடாகப் போகவில்லை, விட்டு விட்டுத் துடிப்பாகப் போனது. இவ்வளவும் கல்கத்தாவின் உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்து கொடுத்த கருவிகள்.

அவர் அதிகம் நேசித்த செடிகளில் ஒன்று நம்ம சித்த வைத்தியர்களுக்கும் தெரிந்த தொழுகண்ணி. பெரிய இலைக்கு அடியில் இரண்டு சிற்றிலைகள். வெயில் சூடு இருந்தால் போதும், யாரும் தொடாமலே, காற்று இல்லாமலே, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை சுற்றிச் சுற்றி எழுந்து தாழும். இதுவும் தானாகச் சுற்றுகிற அசைவுதான். ஆனால் அவரைக் கொழுந்தின் சுற்று வளர்ச்சியால் வருவது. தொழுகண்ணியின் சுற்று, இலைக்காம்பின் அடிமூட்டில் உள்ள செல்களில் நீர் ஏறி இறங்குவதால் வருவது. போஸ் அந்தச் சிற்றிலையை எழுதுகோலோடு இணைத்து, சூடு, குளிர், மயக்க மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தார். மிருகத்தின் இதயம் எப்படி எப்படி மாறுமோ அதே போல இதன் துடிப்பும் மாறியது. 1914-ல் ஐரோப்பா, அமெரிக்கா சுற்றுப்பயணத்துக்குத் தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் கப்பலில் கூடவே கொண்டுபோய், குளிர் தாக்காமல் காப்பாற்றி, சபைகளில் எழுத வைத்துக் காட்டினார்.

ஃபரீத்பூரில் ஒரு பேரீச்ச மரம் இருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் தலை வணங்கும், காலையில் நிமிரும். ஜனங்கள் அதைத் தெய்வ மரமாகக் கும்பிட்டார்கள். போஸ் அங்கே கருவியை மாட்டி இரவு பகலாகப் பதிவு எடுத்தார். வெயில் ஏறினால் மரம் தாழ்கிறது, குளிர்ந்தால் நிமிர்கிறது என்று தெரிந்தது. கும்பிட்டவர்களை அவர் கேலி செய்யவில்லை. ஒரு முழு மரமே அசைகிறது என்பதை அவர்கள்தானே முதலில் பார்த்தவர்கள்!

மந்திர்

1915-ல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு. அவரிடம் படித்தவர்களில் சத்யேந்திர நாத் போஸும் மேகநாத் சாகாவும் உண்டு என்றால் அவர் எப்படிப்பட்ட வாத்தியார் என்று வேறு சொல்ல வேண்டாம். 1917-ல் சர் பட்டம். அதே ஆண்டு நவம்பர் 30, தன் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் அதில் போனது. அதற்கு அவர் வைத்த பெயரில் மந்திர், அதாவது கோயில் என்ற சொல் இருக்கிறது.

அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. கருவி காட்டுவது செடியின் வளர்ச்சியே இல்லை என்று லண்டனில் பேசினார்கள். 1920-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் விஞ்ஞானிகள் குழு நேரில் சோதித்துப் பார்த்தது. கருவி சரியாகத்தான் அளக்கிறது என்று கூட்டாகக் கையெழுத்துப் போட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ராலே பிரபு, போஸுக்குப் பாடம் நடத்திய ராலே பிரபுவின் மகன். அதே வருஷம், முன்பு கட்டுரையை மூட்டை கட்டிய ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. தாய்மொழியையும் அவர் விடவில்லை. விஞ்ஞானத்தை வங்காளத்தில் எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1921-ல் அவ்யக்தா என்ற புத்தகமாக வந்தன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போஸ் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. மரத்தில் நீர் மேலே ஏறுவது உயிருள்ள செல்களின் துடிப்பால்தான் என்றார். அதை உலகம் ஏற்கவில்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசைதான் முக்கியக் காரணம் என்பதே இன்றைய பாடம். செடிக்கு மிருகத்தைப் போலவே நரம்பு உண்டு என்கிற அளவுக்குப் போனதும் நிற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பதும், காயம் பட்ட சேதி ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்குப் போகிறது என்பதும் இன்று உறுதியான விஷயங்கள். பெரியவரைக் கும்பிடுவது வேறு, அவர் எழுதியதைச் சரிபார்ப்பது வேறு. இரண்டும் வேண்டும் என்பார் எங்கள் சார்.

1937 நவம்பர் 23-ம் தேதி கிரிதியில் போஸ் காலமானார். 79 வயது நிறைய இன்னும் ஏழு நாள்தான் இருந்தது.

சுற்று நிற்கவில்லை

டார்வின் ஆரம்பித்த கேள்வி அதோடு முடியவில்லை. செடி தானாகச் சுற்றுகிறதா, அல்லது பூமியின் ஈர்ப்புக்கு ஏற்ப நிமிரப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்புகிறதா என்று நூறு வருஷம் வழக்கு நடந்தது. 1983-ல் விண்வெளிக்குப் போன ஸ்பேஸ்லாபில் சூரியகாந்தி நாற்றுகளைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எடையே இல்லாத அந்த இடத்திலும் நாற்று சுற்றியது. ஆக, சுற்று செடிக்குள்ளேயே இருக்கிறது. ஈர்ப்பு அதைப் பெரிதாக்குகிறது என்று பின்னால் நடந்த சோதனைகள் காட்டின.

நம்ம டெல்டாவுக்கு வேண்டிய செய்தி 2021-ல் வந்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தாரும் ஜார்ஜியா டெக்காரர்களும் நெல் முளையின் வேரைப் பல நாள் தொடர்ச்சியாகப் படமெடுத்தார்கள். நெல்லின் முதல் வேர் நுனி திருகாணி போலச் சுற்றிக்கொண்டே இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்யாத நெல்லில் வேர் சுற்றாமல் நேராகப் போகிறது. துளைகள் போட்ட பிளாஸ்டிக் தகட்டின்மேல் இரண்டையும் வளர்த்தபோது, சுற்றுகிற வேர்தான் துளையைத் தேடிப்பிடித்து அதிகமாக உள்ளே இறங்கியது. சுற்றாத வேர் தடுமாறியது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? நாற்றங்கால், நடவு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புழுதி விதைப்பு. மழையை நம்பி விதையை வீசிவிட்டு வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறோம். மேலே கிடக்கிற அந்த விதை, காய்ந்த மண்ணில் வெடிப்பு எங்கே, இடுக்கு எங்கே என்று தன் வேரைச் சுற்றித் தேடுகிறது. நாற்று விட்டு நட்ட காலத்தில் நாம் அதைக் கவனிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது கடைமடை விவசாயியின் ஒரு போகம் அந்தச் சின்னச் சுற்றை நம்பி நிற்கிறது. நம் கல்லூரி பாட்டனிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் வேறு என்ன வேண்டும்?

எங்கள் சார் இன்று இல்லை. அன்று விடியற்காலையில் என் கண்ணாடியில் இரண்டு முழுச் சுற்றும் கொஞ்சமும் விழுந்திருந்தது. நான் வரைந்த முட்டை போல அழகாக இல்லை, கோணல் மாணலாக இருந்தது. ஆனால் சரியான திசையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பழையதைக் கிழிக்கச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் என் ரெக்கார்ட் நோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.

தம்பி தங்கைகளே, செலவு ஒன்றும் இல்லை. ஒரு தொட்டி, நாலு அவரை விதை, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு மைப் பேனா, ஒரு ராத்திரி. புள்ளி வைத்துப் பாருங்கள். அடுத்த வருஷ சந்திப்புக்கு அந்தக் கண்ணாடியைக் கொண்டு வாருங்கள். நானும் என் பழைய நோட்டை எடுத்து வருகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் முதலில் பார்ப்பேன்.